பெட்டியைத் திறக்குமுன்

திறக்குமுன் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் விதி அது. ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த பழங்குடி ஊரவர் மூவர் எங்கள் அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில் இரண்டு நாள் இருந்து அதை எழுதுவித்தார்கள். கம்பளிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு மம்மி அவர்களுக்கு இன்னும் ஊர்ப்பிள்ளை. எந்த மொழியில் சொன்னாலும் சரி, சொல்லாமல் தொடக்கூடாது.

ஈரப்பதமும் பூச்சியும் பார்ப்பது என் வேலை. வாரம் ஒருமுறை பெட்டியைத் திறப்பேன். பிரெஞ்சில் சொன்னால் அலுவலகக் கடிதம் வாசிப்பதுபோல் இருந்தது. ஒருநாள் தமிழில் சொன்னேன்: "குஞ்சு, அம்மா திறக்கப்போறன், பயப்பிடாதை." என் மகளுக்கு உடுப்பு மாற்றும்போது சொல்வது அது.

அதை மச்சாளிடம் சொன்னது என் மடத்தனம். கணவரின் அக்கா, தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருக்கிறார். பத்து மாத மகளைப் பகலில் பார்ப்பவர் அவர்தான். அவர் மறுத்தால் நான் வேலையை விடவேண்டும். செத்தவீட்டுக்குப் போய்வந்தவளைப்போல் நான் தலைமுழுகினால்தான் பிள்ளையைத் தருவார்.

அந்தக் கிழமையே மகளுக்குக் காய்ச்சல்.

"பிணத்தைக் குஞ்செண்டு கூப்பிட்டால் வராதே? கூப்பிட்டது நீர், வந்தது இஞ்சை."

"வைரஸ் எண்டு டொக்டர் சொன்னவர், மச்சாள்."

"ஓம், சொல்லுவார். படிச்ச தாய்க்குச் செத்த பிள்ளையும் வேணும், உயிரோடை இருக்கிறதும் வேணும். குளிச்சிட்டு வாரும்."

குளியலறைக் கதவுக்கு வெளியே மகள் வீறிட்டாள். முழுகி முடித்து ஈரத்தலையோடு வந்தபோது, போத்தல் பால் குடித்து மச்சாளின் மடியில் உறங்கியிருந்தாள். பால் கட்டி என் மார்பு கனத்து வலித்தது.

"இனி அதோடை கதைக்கமாட்டன் எண்டு இவளின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணும். இல்லாட்டித் திங்கக்கிழமை வேறை ஆளைப் பாரும்."

பக்கத்தில் இருந்த கணவர் கைபேசியிலிருந்து நிமிரவில்லை. கொதிக்கும் அந்தச் சின்னத் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

திங்கட்கிழமை பெட்டியின் முன் நின்றேன். பிரெஞ்சில் சொல்லலாமா, அதுவும் கதைப்பதுதானே, மனதுக்குள் சொன்னால் கணக்கா? யோசித்துக்கொண்டே மூடியைத் தூக்கிவிட்டேன். பதிவுத்தாளில் 'சொல்லப்பட்டது' என்ற கட்டத்தில் கையொப்பமிட்டேன். அதன் பிரதி மலையூருக்குப் போகும்.

மாலை, மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

"பாத்தீரே?" என்றார் மச்சாள்.

மாதக் கடைசியில் மலையூரிலிருந்து பதில் வந்தது. பிள்ளையோடு பேசுகிறவருக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.