கரடிக்கு மனைவி இல்லை

இப்போது சிறுவர் கதைகளை ஒலிப்புத்தகமாகப் பெரியவர்களும் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். ஆனால் அச்சுப் புத்தகத்தை மடியில் விரித்து, வாசிப்பவர் எந்த வரியையாவது விட்டுவிட்டாரா என்று சரிபார்த்துக்கொண்டே கேட்பேன். ஐம்பது வயதில் இதை ரசனை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. ஏழு வயதில் இதே காரியத்தைச் செய்துவிட்டு, வீட்டில் என்ன நடந்தது என்றே விளங்காமல் திருதிருவென்று விழித்திருக்கிறேன்.

வாப்பா அப்போது துபாயில் இருந்தார். விடுப்பில் வந்தபோது, தேன் தேடிப் போகும் கரடியின் கதைப்புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கினார். ஒன்று எனக்கு, ஒன்று அவர் பெட்டிக்கு. அங்கிருந்து கதையைக் கேசட்டில் வாசித்து அனுப்புவார். நான் எழுத்தின்மேல் விரலை ஓட்டிக் கேட்டுப் படிக்கப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு.

காரைக்காலில் நானும் உம்மாவும் இருந்தது வாப்பாவின் அக்கா வீட்டில். எனக்கு மாமி. டேப் ரிக்கார்டரும் மாமியுடையது. ஆகவே கேசட் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும்தான் ஓடும். கடிதமும் அப்படித்தான், மாமா பிரித்து உரக்கப் படித்த பிறகே உம்மா கைக்கு வரும்.

கேசட் வந்தது. வாப்பா கரடியாகவே உறுமினார். மாமாவுக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது. முடிந்ததும் உம்மா அடுப்படி வாசலில் நின்றபடி மாமியிடம், "புள்ளைக்கு விளங்கலையாம் லாத்தா, இன்னொரு தரம் போடுங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் என் விரல் நின்றுவிட்டது உண்மை. கேசட்டில் கரடி தன் மனைவியிடம் பேசியது. "காது வலிக்கு மருந்து போட்டியா? கொஞ்ச நாள் பொறுத்துக்க. நோன்புக்கு முன்னால வந்துடுவேன். நமக்குன்னு தனியா ஒரு குகை பாத்துக்கலாம்."

புத்தகத்தில் கரடி தனிக்கட்டை. நோன்பு வைப்பதும் இல்லை.

மூன்றாம் தரம் ஓடியபோது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "மாமி, வாப்பா தப்புத் தப்பா படிக்கிறாங்க. புத்தகத்துல கரடிக்குப் பொண்டாட்டியே இல்ல. குகையும் ஒண்ணுதான்."

மாமி ரிக்கார்டரை நிறுத்தினார். "எங்க, காட்டு." பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மாமாவைப் பார்த்து, "கடல் தாண்டிப் போனதும் கரடிக்குத் தனிக்குடித்தனம் கேக்குதாம்" என்றார். இந்தத் தடவை மாமா சிரிக்கவில்லை.

"கதைதானே லாத்தா" என்றார் உம்மா.

"கதைன்னா புத்தகத்துல இருக்கணும்ல."

நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். உம்மா உள்ளே இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினார். வலித்தது எனக்கு, அழுதது அவர். அதுவும் விளங்கவில்லை.

மறுநாள் மாமா துபாய்க்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அடுத்த கேசட்டில் வாப்பா அதே கதையை முதலிலிருந்து வாசித்தார். உறுமல் இல்லை. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. என் திருத்தத்தை வாப்பா ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் பக்கம் தாண்டியதும் உம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கரடிக்குத் தேன் கிடைக்கும் இடம் இனிமேல்தானே வருகிறது, அதற்குள் ஏன் போகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.