சந்தனப் பொட்டும் ஹார்டு டிஸ்க்கும்

எங்கள் வீட்டுப் படங்களை மாத வாடகை கட்டி எந்தக் கம்பெனியிடமும் நான் விட்டு வைப்பதில்லை. பழைய கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்டு டிஸ்க்கை மாட்டி, ஹாலில் நானே படங்களைச் சேமிக்க ஒரு சர்வர் வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்த வாரம், ஒரு டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று அது பிழை காட்ட ஆரம்பித்தது.

"டிஸ்க் போயிருச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர், பெட்டியைத் திறக்காமலே.

"அவரே சொல்லிட்டாருல்ல, இன்னும் எதுக்கு இம்புட்டு வீம்பு?" என்றார் என் கணவர்.

வீம்புதான். நாடி பார்க்காமலே சாவு சொல்கிறவர் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்? பெட்டியைத் திறந்து, இரண்டு டிஸ்க்கின் கேபிள்களையும் கழற்றி, ஒன்றினுடையதை மற்றதில் மாட்டினேன். பிழை, செத்துப்போனதாகச் சொன்ன டிஸ்க்கை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்குக்குத் தாவியது. ஆக, குற்றம் டிஸ்க்கில் இல்லை, அதில் முதலில் மாட்டியிருந்த கேபிளில். அந்தக் கேபிளின் முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சந்தனம் காய்ந்து கிடந்தது.

"பூஜைக்கு இதையுமா கழட்டுனீங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"தொடைக்கக் கழட்டுனேன். எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டு அதுக்கு மட்டும் வைக்காம விடவா?"

புதுக் கேபிள் மாட்டினேன். கடைக்காரர் சாவு சொன்ன டிஸ்க் இன்றைக்கும் ஓடுகிறது. பெட்டியில் இப்போது நம்ம திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்குகிறது, சாவி என்னிடம். அடுத்த பூஜைக்கு என் கணவர் அந்தப் பூட்டுக்குப் பொட்டு வைத்துக்கொள்ளட்டும்.