மூன்றாம் மாடிப் பூட்டு

கதவு திறந்துகொண்டதும் சாவிக்காரர் முதுகைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் உள்ளே வரச்சொன்னாலும் வருவதில்லை. படிக்கட்டைப் பார்த்தபடி நின்று, கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணிச்சுருளில் செருகுகிறார். அடுத்தவர் வீடு எப்படிக் கிடக்கிறது என்று பூட்டுத் திறக்க வந்தவன் பார்க்கக்கூடாது என்பது அவர் கட்சி. "நம்ம வேலை கதவு வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவங்க சமாச்சாரம்."

திறப்பதற்கு முன்பும் ஒரு பழக்கம் உண்டு. முட்டி போட்டு, பூட்டின்மேல் கை வைத்து, ஒரு கணம் கண்ணை மூடுவார். பூட்டு நல்லபடியாகத் திறக்க ஜெபிக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பூட்டைத் திறக்கத் தமக்கே தெரியும், அதற்குப் போய் ஆண்டவரைத் தொந்தரவு செய்வானேன் என்பார் அவர். அவர் கேட்பது வேறு. இந்த வீட்டில் இருக்கிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆமென், கம்பி உள்ளே போய்விடும்.

ஆள் நெட்டை. பாதி நாள் முட்டியிலேயே கழிவதால் கால்சட்டை அங்கேதான் முதலில் நைந்துபோகும். அவர் மனைவி வேறு துணி வைத்துத் தைத்துக் கொடுப்பார். கோயிலிலும் அவருக்குக் கதவோரக் கடைசி பெஞ்சுதான். பிரசங்கம் தொடங்கிய பிறகு கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட ஒருவர் வேண்டுமே. அந்தக் கதவு கிரீச்சிடுகிறது, எண்ணெய் போடக்கூடாதா என்று போதகர் ஒருமுறை கேட்டார். "போடலாம் ஐயா. அப்புறம் யார் வந்தாங்கன்னு நமக்குத் தெரியாம போயிடும்" என்றாராம் இவர். கதவு இன்னும் கிரீச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

தொழிலில் இவ்வளவு கைதேர்ந்தவருக்கு ஒரே ஒரு பூட்டு மட்டும் மசியாது என்று கொஞ்ச நாள் முன்புவரை ஒரு பேச்சு இருந்தது.

பக்கத்துக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் தனியாக இருக்கிறார். வேலைக்காலம் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் யாரையோ யார் யாரோடோ பேசவைத்த அம்மாள். இப்போது காது மந்தம்; பேச்சுக் கேட்பதற்கென்று வேறொரு கருவி. அவர் வீட்டு டெலிபோன் அடிப்பதே அபூர்வம்.

முதல் தடவை நிஜமாகவே பூட்டிக்கொண்டது. பால் எடுக்க வெளியே வந்தார், பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, சாவி உள்ளே. இரண்டாம் மாடி வீட்டுக்காரி சாவிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் வந்தார், முட்டி போட்டார், ஆமென், கதவு திறந்துவிட்டது.

"அவ்வளவுதானாப்பா?" என்றார் அந்த அம்மாள்.

பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு இறங்கினார் சாவிக்காரர். பாதிப் படியில்தான் அந்தக் குரல் உறைத்தது. பேச ஆள் கிடைத்ததே என்று அம்மாள் வாயெடுப்பதற்குள் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டோமே என்று நின்றுவிட்டார். திரும்ப ஏறிப்போய்ச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

அடுத்த வாரமே மறுபடி கூப்பிட்டார்கள். போனபோது, அம்மாளின் கம்பளிச் சட்டைக் கழுத்துக்குள் ஒரு கயிறு இறங்குவதையும், அதன் நுனியில் துணிக்கடியில் ஒரு சின்னப் புடைப்பையும் பார்த்தார். சாவியின் புடைப்பு எங்கே இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பார்க்காதவர்போல் முட்டி போட்டு, பூட்டை இப்படியும் அப்படியும் தட்டிவிட்டு, "இது கொஞ்சம் அடம்பிடிக்கும் போலிருக்கேம்மா" என்றார்.

அம்மாள் இரண்டாம் மாடியிலிருந்து நாற்காலி வாங்கிவரச் செய்து சாவகாசமாக உட்கார்ந்தார். பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவரை வேண்டுமென்றே ஒரே லைனில் மாட்டிவிட்டுத் தான் நழுவிக்கொண்ட கதையைச் சொன்னார். சாவிக்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கம்பி நழுவியது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பூட்டு மனம் வைத்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கூலியை அவர் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். வாங்காவிட்டால் அடுத்த தடவை கூப்பிட அம்மாள் கூச்சப்படுவார் என்று அவருக்குத் தெரியும். படியேறுகிறவர்கள் என்ன ஏது என்று கேட்டு நிற்பார்கள். நின்றவர்கள் படியிலேயே உட்காருவார்கள். ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் முகம் பார்த்திராதவர்களெல்லாம் அந்தப் பூட்டின் தயவில் பழகிக்கொண்டார்கள்.

சாவிக்காரரின் பேர்தான் கெட்டது. கிழவி வீட்டுப் பூட்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறவர் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். பின்பக்கம் புதிதாக எழும்பிய கட்டடத்துக்கு எல்லாப் பூட்டையும் பொருத்தும் வேலை வந்தபோது, குடியிருப்புச் செயலாளர் அதை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குச் சாவிக்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையைச் சொல்லிட்டா என்னங்க? கண்ணை மூடிக்கிட்டே திறப்பேன்னு சொல்லுங்களேன்."

"சொன்னா அந்தம்மா அப்புறம் என்ன சாக்கு வெச்சுக் கூப்பிடுவாங்க?"

"உங்க பேர் நாறுதே."

"நம்ம ஆண்டவர் பேரைப் பாத்திருந்தா அடுத்தவங்க காலைக் கழுவியிருப்பாரா? போடி, போய்ச் சோத்தைப் போடு."

மனைவி சோற்றைப் போட்டார். கரண்டியின் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் மூன்றாம் மாடிக் கதவுக்கு வெளியே பால் அப்படியே இருந்தது. இரண்டாம் மாடிக்காரி தட்டினாள், கத்தினாள், பதில் இல்லை. வெயில் ஏறுவதற்குள் படிக்கட்டு நிறைய ஆட்கள். செயலாளர் கதவைப் பெயர்க்கக் கடப்பாரையோடு வந்துவிட்டார். சாவிக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவதைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல்.

"இவரா? விடிஞ்ச மாதிரிதான். தள்ளுங்க, நான் இடிச்சே..."

வாக்கியம் முடியவில்லை. கதவு திறந்திருந்தது.

இந்தத் தடவை ஜெபம் முட்டி போடும்போதே முடிந்திருக்க வேண்டும். எல்லாரும் திபுதிபுவென்று உள்ளே ஓடினார்கள். சாவிக்காரர் மட்டும் வெளியே, படிக்கட்டைப் பார்த்தபடி, கையில் கம்பியோடு நின்றார்.

அம்மாள் சளி மருந்தைக் குடித்துவிட்டு, காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிக்காரி தோளைத் தொட்டதும் கண் விழித்து, கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "யார் செத்துப்போனது?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கருவியை மாட்டிக்கொண்ட பிறகு, இவ்வளவு பேர் எப்படி உள்ளே வந்தீர்கள் என்று கேட்டார்.

செயலாளர் நல்ல மனுஷர். தப்பாக நினைத்ததைத் திருத்திக்கொள்வதில் அவருக்கு வெட்கமில்லை. "நம்ம சாவிக்காரர்தாம்மா. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள திறந்துட்டார்" என்றார், வீடு முழுக்கக் கேட்கும்படி.

சிரிப்பு அடங்கியது. அம்மாளின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. வெளியே நின்றவருக்கு, கடப்பாரையால் இடித்தே திறந்திருக்கலாமோ என்று தோன்றியது. கம்பியைத் துடைக்காமலே சுருளில் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

புதுக் கட்டடத்து வேலை அந்த வாரமே அவருக்கு வந்தது. கடைத்தெருவில் கேலி நின்றது. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. இவர் மட்டும் சாப்பாட்டுக்கு நடுவில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். இரண்டாம் மாடிக்காரியின் நம்பர் வரவேயில்லை. அம்மாள் பாலை எடுக்க இப்போது சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வருகிறாராம், யாரிடமும் நின்று பேசுவதில்லையாம் என்று மட்டும் தெரிந்தது.

"பேர்தான் வந்துடுச்சே, மூஞ்சி ஏன் இப்படி?" என்று மனைவி கேட்டார்.

"அவங்க முகத்துக்கு நேரா பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

கரண்டிச் சத்தம் அன்றைக்கு இல்லை. "கூப்பிடுவாங்க. அவங்களும் ஜெபிக்கிறவங்கதானே, மனசுல வெச்சுக்க மாட்டாங்க" என்றார் மனைவி.

ஒரு மாதம் ஓடியபிறகு, ஒரு சாயங்காலம் போன் அடித்தது. மேல்வீட்டம்மா கதவு பூட்டிக்கிச்சாம் என்றாள் இரண்டாம் மாடிக்காரி. குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. புதுக் கட்டடத்து வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினார்.

படிக்கட்டில் ஏற்கெனவே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் தம் வீட்டு நாற்காலியையே கொண்டுவந்திருந்தார். அம்மாள் நடுவில். சாவி கம்பளிச் சட்டைக்கு வெளியே, மார்பின்மேல், எல்லாரும் பார்க்கத் தொங்கியது.

கதவுக்கு முன்னால் தரையில் ஒரு புத்தம்புதிய மெத்தைத் திண்டு கிடந்தது. கையால் தைத்தது, தையல் கோணல்மாணல்.

"முட்டிக்கு" என்றார் அம்மாள். "இத்தனை நாள் வெறுந்தரையில போட்டியேப்பா. தைக்கத் தெரியாம தைச்சதுல மாசம் போயிடுச்சு." பிறகு, கொஞ்சம் தணிந்து, "இன்னிக்கு எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார்.

சாவிக்காரர் திண்டின்மேல் முட்டி போட்டார். பூட்டைப் பார்த்தார், தொங்கும் சாவியைப் பார்த்தார், காதைச் சொறிந்தார்.

"சொல்ல முடியாதும்மா. இன்னிக்கு ரொம்ப அடம்பிடிக்குது."

பூட்டின்மேல் கை வைத்துக் கண்ணை மூடித் திறந்தார். துணிச்சுருளை விரித்து, பெரிய இரும்புப் பெட்டகங்களுக்கென்றே வைத்திருக்கும், அந்தக் கட்டடத்தின் எந்தச் சாவித்துளையிலும் நுழையாத தடிக் கம்பியைத் தேடி எடுத்து, நுனியிலிருந்து நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார்.