ஆண்டவர் மேல் பொறாமை

வேம்பு எந்தப் பெண்ணைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. புருஷன் மணிவண்ணன் அதற்கு இடம் வைத்ததும் இல்லை. அவளுக்குப் பொறாமையெல்லாம் ஆண்டவர் மேல்தான். விக்கிரமங்கலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நாள் அவளே இதை என்னிடம் சொன்னாள்.

மணிவண்ணன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன் சுரங்கத்துச் சரிவில் லாரி கவிழ்ந்து, இடுப்பில் அடிபட்டு இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அப்போது பார்க்க வந்த சபைக்காரர்கள் மூலம் ஆண்டவரை ஏற்றுக்கொண்டான். எழுந்து நடமாடியதும் ஞானஸ்நானம் எடுத்தான். அதே நாளில் வேம்புவும் எடுத்தாள். அவன் மட்டும் தண்ணீரில் இறங்குவதைக் கரையில் நின்று பார்க்க அவளுக்கு மனசில்லை. காரணம் அவ்வளவுதான். சபையில் அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்த சாமி படங்களை நாத்தனார் கொளஞ்சியிடம் கொடுத்தபோது, காத்தாயி அம்மன் படத்தை மட்டும் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

முன்பெல்லாம் காலையில் மணிவண்ணன் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை, சுரங்கத்துக் கதையெல்லாம் சொல்வான். அந்த நேரம் இப்போது ஜெபத்துக்குப் போய்விட்டது. கதவைச் சாத்திக்கொள்வான். அவள் பாத்திரத்தை உருட்டுவாள். வேண்டுமென்றே மிக்ஸியை ஓடவிடுவாள். ஒருநாள் உள்ளே அவன் அழுவது கேட்டது. அந்தச் சரிவில் இறங்கும்போதெல்லாம் இன்னும் கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அவன் அதைச் சொன்னதேயில்லை. வேம்புவுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே படத்தை எடுத்து வைத்துக் கற்பூரம் ஏற்றி, அவனைப் பழையபடி தன்னிடமே கொடுத்துவிடச் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஷன் கார்டைத் தேடியவன் கையில் படம் அகப்பட்டது. அவன் கோபப்படவில்லை.

"கும்புடணும்னா வெளியவே வச்சிக் கும்புடு. எதுக்கு ஒளிச்சி வச்சிருக்க?"

"உங்கள எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லித்தான். பயம்னாலும் அழுகைன்னாலும் அவருகிட்டதான் போறீங்க. அப்புறம் நான் எதுக்கு இந்த வூட்டுல?"

பயத்தைச் சொன்னால் அவள் தன்னை லாரி ஏறவே விடமாட்டாள் என்றுதான் சொல்லவில்லை என்றான். படத்தை அவள் கையிலேயே கொடுத்தான்.

"நீ காத்தாயியவும் கும்புடல, ஆண்டவரயும் கும்புடல வேம்பு. என்னயத்தான் கும்புடுற. அது என்னால தாங்க முடியாது."

 மறுநாள் வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவள் சமையல் உதவியாள். சமையல்காரம்மா அன்று லீவு. தனியாக அரிசி களைந்துகொண்டிருந்தவள், வாய்விட்டே ஆண்டவரோடு சண்டைக்குப் போனாள். சபையில் எல்லாரும் 'நீர்' என்றுதான் ஜெபிப்பார்கள். அவள் 'நீ' என்றாள்.

"உனக்கு இந்த ஊருல வேற ஆளா கெடைக்கல? எம் புருசன்தானா வேணும்?"

அதோடு நிற்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தது. விபத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், அவன் செத்தால் தானும் செத்துவிடுவது என்று முடிவெடுத்ததைச் சொன்னாள். அந்த முடிவில் மகள் சத்யப்பிரியா ஞாபகத்துக்கே வரவில்லை. அந்த வெட்கத்தை அவள் மணிவண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லும்போதே அழுகை வந்தது. உலை கொதித்து வழிந்த பிறகுதான், இவ்வளவு நேரமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு உறைத்தது. ஞானஸ்நானம் எடுத்த இத்தனை நாளில் அவள் தன் வாயால் செய்த முதல் ஜெபம் அதுதான்.

அதற்குப் பிறகு தினமும் பேசினாள். சண்டை குறைய மாதக்கணக்கானது. படத்தை மஞ்சள் துணியில் சுற்றி அவளே கொண்டுபோய்க் கொளஞ்சியிடம் கொடுத்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்க அவளுக்கே பிடிக்கவில்லை.

பொறாமை அடியோடு போய்விடவில்லை. ஆராதனை முடிந்து யாராவது மணிவண்ணனிடம் ஜெபிக்கச் சொல்லி வந்தால் இன்றைக்கும் அவளுக்குச் சுருக்கென்கிறது. அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிடுகிறாள்.

போன மாதம் போதகர், மனுஷனின் இருதயத்தை இன்னொன்றோடு பங்குபோட ஆண்டவர் சம்மதிக்கமாட்டார், அவருக்கும் பொறாமை மாதிரி ஓர் எரிச்சல் உண்டு என்று பிரசங்கம் பண்ணினாராம். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோய்த் தலைகுனிந்திருக்கிறார்கள்.

"எனக்குப் பயமே வரலக்கா" என்றாள் வேம்பு. "பாவம், அவருக்கும் இப்புடித்தான இருந்திருக்கும்னு தோணிச்சி."