மீன் வண்டியின் வாட்டர் பம்பு

புன்னைக்காயல் வியாகுலத்தின் வேன் ரோட்டில் ஓடி நாலைந்து வருஷம் ஆகிறது. ஐஸ் பெட்டியோடு வந்த புது வண்டிகள் மீன் சரக்கையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு, பழைய வேனை யார் சீந்துகிறார்கள்? வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைக் கூரைக்குக் கீழே அது சும்மா நின்றது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை ஸ்டார்ட் பண்ணுவார். கொஞ்ச நேரம் உறும விட்டு, காது குளிரக் கேட்டுவிட்டு அணைப்பார். மருமகன் மார்ட்டின் ஒருநாள் பழைய இரும்புக்காரனைக் கூட்டி வந்தபோது இரண்டு பேரையும் சேர்த்து ஏசி விரட்டினார்.

"உசிரோட இருக்கத எடைக்குப் போடச் சொல்லுதானே, இவன் வெளங்குவானா?" என்று நாள் முழுக்கப் பொருமினார். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். மீன் நாற்றத்தோடு ஓடியோடிச் சம்பாதித்ததெல்லாம் மகள் ஃபெமினாவின் கல்யாணத்தோடு கரைந்து போயிற்று. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மனுஷனுக்கு இன்ஜின் சத்தம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அதே மாதிரி வேன் சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று ஓடியது. சேரன்மகாதேவி ஹரிஹரசுப்பிரமணியனுடையது. அது கோயில் வண்டி. மார்கழி ஞாயிறுகளில் பாபநாசத்தில் தொடங்கி, ஆற்றோடு இறங்கி, சேர்ந்தபூமங்கலத்தில் முடிகிற நவகைலாயம் ஒன்பது கோயிலுக்கும் ஆள் ஏற்றுவார். அவர் வீட்டு வருஷச் சோறு அந்த ஒரு மாசத்தில்தான் இருந்தது. பாளையங்கோட்டை ஒர்க்ஷாப்பில் இரண்டு பேருக்கும் பழக்கம். ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்த பழக்கம், இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். வியாகுலம் அவரை "ஐயரே" என்பார். அவர் இவரை "வாரும், இரியும்" என்பார்.

கார்த்திகை கடைசியில் கோயில் வண்டியின் வாட்டர் பம்பு விரிசல் விட்டுவிட்டது. இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓட வைக்கிற சாமான் அது. அது போனால் இன்ஜின் கொதித்தே செத்துப்போகும். வண்டியைச் செய்த கம்பெனி மூடி எத்தனையோ காலமாயிற்று. பம்புக்கு எங்கே போவது? ஹரிஹரசுப்பிரமணியன் மதுரை, கோயம்புத்தூர் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். பற்றவைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. கடைசியில் புன்னைக்காயலில் வந்து நின்றார். ஓலைக்குக் கீழே நின்ற வண்டியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"மார்கழி பொறக்கப் போவுது வே. அட்வான்ஸ் வாங்கிச் செலவழிச்சாச்சு. என்ன செய்யன்னு தெரியல."

வியாகுலம் ஸ்பேனரை எடுத்து வந்தார். வாசலில் நின்ற மனைவி கிரேஸிக்குப் பொறுக்கவில்லை.

"இதக் களத்திட்டா நம்ம வண்டி இனிமே சத்தம் காட்டுமா?"

"காட்டாது."

"பின்ன எதுக்குக் களத்துதீரு?"

"ஏட்டி, நம்மது நிக்கித வண்டி. அவரது ஓடுத வண்டி."

ஹரிஹரசுப்பிரமணியன் பணத்தை நீட்டினார். "நமக்குள்ள என்னவே துட்டு" என்று வியாகுலம் அவர் கையை மடக்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டையைக் கழற்றாமலே வண்டி முன்னால் நின்றார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தன்னுடைய பம்பு பழைய ரகம், அடிக்கடி கிரீஸ் வைக்க வேண்டும். ஐயருடைய உடைந்த பம்புக்கு அந்த வேலையே கிடையாது. அதைச் சொல்ல மறந்துபோனோமே! போன் போட்டார், எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் கோயில் வண்டியின் முதல் நடை. எப்படியும் சாயங்காலம் சேர்ந்தபூமங்கலத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்? கிரீஸ் அடிக்கிற கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கோயில் பக்கத்தில் வேன் நின்றது. தரிசனம் முடித்தவர்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டிலிருந்த பாகீரதி மாமி பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கோயம்புத்தூர்லேர்ந்து வரவழைச்ச சாமானாம். ஹரி கண்டதை வாங்கிப் போடமாட்டான்."

வியாகுலத்துக்குச் சிரிப்பு வந்தது. தொழில் என்றால் நாலு பொய் இருக்கத்தான் செய்யும். வண்டியில் ஏறப்போன ஹரிஹரசுப்பிரமணியனின் தோளைத் தொட்டார்.

"என்ன ஐயரே, எப்படி ஓடுது?"

ஐயரின் முகம் செத்துப்போயிற்று. மாமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "யாரு ஹரி அது?"

"ஒண்ணுமில்லை மாமி. டீக்குக் காசு கேக்கறான்."

சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் வியாகுலத்தின் கையில் திணித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வியாகுலத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது. நோட்டைப் பிடித்தபடி தெருவில் நின்றார், பிச்சைக்காரன் மாதிரியே. வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. முன்பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பம்புக்குள் பேரிங் காய்ந்து கிடக்கிறது. இப்படியே போனால் பாதி வழியில் இறுகி நின்றுவிடும். நிற்கட்டும், நாசமாய்ப் போகட்டும் என்றுதான் நினைத்தார். மனசாரத்தான் நினைத்தார். ஆனால் கத்துவது அவருடைய பம்பு அல்லவா? இத்தனை வருஷம் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டது. கால் திரும்பிவிட்டது. ஓடிப்போய் முன்னால் நின்று கையைக் காட்டினார்.

"ஆஃப் பண்ணுங்க சாமி. உள்ள கிரீஸ் இல்ல. இப்படியே போனா ஊர் போய்ச் சேரமாட்டீய."

இன்ஜின் மூடியைத் திறந்து கிரீஸ் அடித்தார். மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கீச்சொலி நின்றது. என்னவோ பார்க்கிற சாக்கில் ஹரிஹரசுப்பிரமணியன் இறங்கி வந்து பக்கத்தில் குனிந்தார்.

"தப்பா நெனைக்காதேயும் வே," என்றார் குரலை அமுக்கி. "மீன் வண்டிச் சாமான்னு தெரிஞ்சா ஒருத்தரும் ஏறமாட்டா. எம் பொழப்பே போயிரும். ராத்திரி போன் பண்ணுதேன்."

வியாகுலம் மூடியை அறைந்து சாத்தினார். கையை லுங்கியில் துடைத்தார். வண்டிக்குள் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கிரீஸ் வச்சதுக்கு எரநூறு ரூவா சாமி. பத்து முன்னமே தந்துட்டீய. மிச்சத்தக் குடுங்க."

"அநியாயமான்னா இருக்கு!" என்றாள் மாமி. "ரெண்டு நிமிஷ வேலைக்கு இருநூறா?"

"தெரிஞ்சவங்களுக்குத்தாம்மா சும்மா செய்யுதது," என்றார் வியாகுலம். "இவர எனக்குத் தெரியாது."

ஹரிஹரசுப்பிரமணியன் பணத்தை எடுத்துக் கொடுத்தார். வியாகுலம் அதை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார்.