மடிதிரைக்கு முன்னால் அண்ணை

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் ஓவியத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில், யாரும் படங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நாள் முழுக்க எனக்கெதிரே நான்கு பருவங்களும் ஒன்றாக நிற்கின்றன. ஜப்பானிய மடிதிரை அது. பலகை பலகையாக மடியும் தங்கத்தாளில் மான்களும் நாரைகளும். வலப்பக்கம் வசந்தம், இடப்பக்கம் பனி. அதை வலமிருந்து பார்க்கவேண்டும் என்று தெரியாமல், நம் எழுத்தைப்போல இடமிருந்து பார்த்து, கதை பனியில்தான் தொடங்குகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வெளியே என்ன பருவம் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. எப்போதும் அதே சீருடைக் கோட்டுதான்.

லண்டனிலேயே லூயிஷாமில் இருந்த அண்ணை யாழ்ப்பாணத்துக்கே திரும்ப முடிவெடுத்திருந்தார். அண்ணி காலமானபின் அவருக்கு இங்கே நான் மட்டும். எனக்கும் அவர் மட்டும். பிறகாவது வந்து தன்னோடு இருக்கும்படி பல மாதமாகக் கேட்டார். "பாப்பம்" என்றே சொல்லிவந்தேன். பயணத்துக்கு முதல்நாள் வேலையிடத்துக்கே வந்துவிட்டார்.

மங்கிய வெளிச்சம், பொன்னிறம், தாழ்ந்த மேடை. கோயில் பழக்கத்தில் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, திரைக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்துவிட்டார்.

"அண்ணை, எழும்புங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"நீயும் இருந்து பார் பிள்ளை. மான் எங்களைப் பாக்குது. நல்லாக் கொழுத்த மான்."

"டியூட்டியிலை நிக்கிறன். இருக்க ஏலாது."

"அப்ப நிண்டுகொண்டே சொல்லு. ஊரிலை வீடு கட்டுற மேசன் கேக்கிறான். உனக்கும் ஒரு அறை போடட்டோ, வேண்டாமோ?"

அதற்குள் உடன் வேலை செய்யும் சூசன், வெறுங்காலோடு முதியவர் நிலத்தில் இருப்பதைக் கண்டு, மயங்கி விழுந்தார் என்று நினைத்துச் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தாள்.

"ஆர் யூ ஓகே, சார்?"

"ஓகே, ஓகே" என்று அண்ணை சிரித்தார். அவள் நம்பவில்லை. அவள் மனம் நோகக்கூடாதென்று நாற்காலியில் ஏறி இருந்தார்.

"நடக்கிறவனை வண்டியிலை ஏத்துகினம். சரி, நீயே தள்ளு."

வாசலில் கிடந்த சப்பாத்தை நான் எடுத்துக் கொடுக்க, மடியில் வைத்துக்கொண்டார். தள்ளிக்கொண்டு போனேன். லிப்ட் வாசலில், திரும்பிப் பாராமல், "என்ன சொல்லுறாய்?" என்றார்.

"உங்களுக்கு ஒரு அறை காணும் அண்ணை. எனக்கெண்டு வேண்டாம்."

"ஓம்" என்றார். குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

அழுகை வரவில்லை. திரும்பிவந்து என் இடத்தில் நின்றேன். பறக்கும் நாரை ஒன்றின் கழுத்து ஒரு பலகையில், கால்கள் அடுத்ததில். நான் நிற்கும் இடத்திலிருந்து உடல் தெரியவில்லை; மடிப்புக்குள் போய்விட்டது.

அடுத்தநாள் காலை அண்ணையின் விமானம் போனது. எனக்கு மத்தியான ஷிப்ட். அந்த முதியவருக்கு இப்போது சுகமா என்று சூசன் கேட்டாள். சுகம் என்றேன்.