பத்திரிகையோடு சும்மா வந்த பாட்டு

நான் இருக்கும் லீட்ஸ் நகரத்தில் வேண்டாத பொருளைச் சட்டென்று குப்பையில் போட மாட்டார்கள். ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். போகிற வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வந்து இருபது வருடம் ஆகியும் அந்தப் பெட்டியில் கை வைக்க எனக்குக் கூச்சம்தான். ஊரில் இப்படி ஒருவர் வீட்டு மதிலில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக் கிழவர் வைத்த பெட்டியில் ஒரு சிடி கிடந்தது. ஆரஞ்சு நிற அட்டை, அதில் ஒரு குடைப் படம். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. கூச்சத்தை விட்டுக் கையில் எடுத்தேன்.

கிழவர் வெளியே வந்தார். “எடுத்துக்கொள், குப்பைதான். அந்தக் காலத்தில் ஒரு ராக் இசைப் பத்திரிகையோடு சும்மா கொடுத்தது” என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “இதில் உள்ள ஒரு பாட்டை எங்கள் ஊரில் ஒரு சாவு வீட்டில் போட்டார்கள்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “என் மனைவியும் இதைக் கேட்கும்போதெல்லாம் சாவு வீடு மாதிரி இருக்கிறது என்பாள்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். நான் தமாஷ் செய்ததாக அவருக்கு நினைப்பு.

இந்த நாட்டில் படிக்க வந்த முதல் வருடம், அறைத்தோழன் வாங்கிப் படித்துவிட்டுப் போட்ட பத்திரிகையின் அட்டையில் இதே சிடி ஒட்டியிருந்தது. பெரிய கம்பெனிகளை அண்டாமல் சின்னச் சின்னக் குழுக்கள் தாங்களே பதிவு செய்யும் பாட்டுக்கு இங்கே இண்டி ராக் என்று பெயர். அப்படிப் பதினைந்து குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து, வாசகர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு பாட்டைக்கூடக் கேட்கவில்லை. முதல் விடுமுறைக்கு என் ஊரான தியாகதுருகத்துக்குப் போகும்போது எல்லோருக்கும் ஏதாவது வாங்கினேன், ஏழுமலையை மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி. கல்யாணம், திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் ரேடியோ செட் கட்டுபவன். பெட்டி கட்டும்போது அவன் நினைவு வந்து, பத்திரிகையிலிருந்து சிடியைப் பிய்த்துப் பைக்குள் போட்டேன். ‘விற்பனைக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை அவன் விரலால் தடவிக் கேட்டபோது, “இது எங்கயும் விலைக்குக் கெடைக்காதுடா, உனக்காகத் தேடிப் புடிச்சேன்” என்றேன். அவன் அதைச் சட்டைப் பையில் வைக்காமல், வீடு வரைக்கும் கையிலேயே ஏந்திக்கொண்டு போனான்.

அடுத்த வருடம் ஒரு நாள் போன் செய்தான். “டேய் குமாரு, அதுல ஏழாவது பாட்டு ஒண்ணு கீதே, மெதுவா இஸ்த்து இஸ்த்துப் பாடறானே, இன்னாடா சொல்றான்?” நான் வேலை நேரத்தில் இருந்தேன், மேலாளர் முறைத்துக்கொண்டிருந்தார். கேட்டதில்லை என்று சொல்ல வெட்கம். “அம்மாவப் பத்திப் பாடறான்டா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது அத்தோடு போயிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அதற்கடுத்த வருடம் அவன் அம்மா இறந்துபோனார். எனக்கும் தட்டு நிறைய சோறு போட்டவர். போனில் துக்கம் விசாரித்தபோது ஏழுமலை சொன்னான்: “ஊரு சாவுக்கெல்லாம் போட்டுத் தேஞ்ச பாட்ட எங்கம்மாவுக்கு எப்டிடா போடறது? நீ குட்த்த பாட்டு எவன் சாவுக்கும் போடாதது. அம்மா பாட்டு வேற. எட்த்ததுலேர்ந்து சுடுகாடு வரிக்கும் அதத்தான் போட்டுக்கினு போனேன்.”

கிழவரின் சிடியை என் பழைய காரில் போட்டு, தெருவோரம் நிறுத்தி, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த ஏழாவது பாட்டைக் கேட்டேன். குரலில் உண்மையாகவே துக்கம் இருந்தது. சொல்லில் இல்லை. கூடத் தங்கியிருப்பவன் சாப்பிட்ட தட்டை மூன்று நாளாகக் கழுவாமல் போட்டிருக்கிறான், நாற்றம் தாங்கவில்லை, அதை யார் கழுவுவது என்று நான்கு நிமிடம் பாடுகிறான். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளை இந்தப் பாட்டோடு தூக்கிக்கொண்டு போக வைத்தவன் நான். அவமானத்தில் காது சுட்டது.

இந்த முறை ஊருக்குப் போனதும் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போனவுடன் ஏழுமலை கல்வராயன் மலைக்குக் கூப்பிட்டான். மேலே ஒரு கிராமத்தில் ஒரு கிழவியின் பதினாறாம் நாள் காரியம். செட்டைக் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “ஏழுமலை, அந்தப் பாட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான். “எங்கம்மா சாவுக்கு வந்தவங்க கேட்டுட்டுப் போயி, இப்ப மலையில எந்த வூட்டுல அம்மா செத்தாலும் அதான் போடணுன்றாங்க. பேரே அம்மா பாட்டுதான். உன்னயும் பாக்கணும்னாங்க, அதான் இட்டுக்கினு போறேன்.”

மேலே போய்ச் சேர்ந்ததும் பலா மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிப் பாட்டைப் போட்டான். இறந்தவரின் மகள், நாற்பது வயதிருக்கும், என்னிடம் வந்தாள். “வெளிநாட்டு அண்ணன் நீங்கதானுங்களா? அவரு பாடறது எங்களுக்கு வெளங்கலைங்க. ஒரு வரி சொல்லுங்கண்ணா, அதயே சொல்லி எங்கம்மாவுக்கு அழுவறேன்.” ஏழுமலை பெருமையோடு என்னைப் பார்த்தான். பாட்டுக்காரன் அப்போது தட்டில் பூசணம் பிடித்ததைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். இப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. “நான் வர்றதுக்குள்ள போயிட்டியேம்மா, உன் மொகத்தக் கூடப் பாக்கலியேன்னு பாடறாரும்மா” என்றேன்.

அது என் சொந்த வரி. என் அம்மா போனபோது நான் லீட்ஸில் இருந்தேன். அவரை எடுப்பதைப் போன் திரையில்தான் பார்த்தேன், அதுவும் நடுவில் அறுந்துபோனது.

அவள் போய்ப் பெண்களின் நடுவில் உட்கார்ந்து, அந்த வரியைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். மற்றவர்களும் தோளோடு தோள் சேர்த்து அதையே பிடித்துக்கொண்டார்கள். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தான். அம்மாவை நினைத்துத்தான் கலங்குகிறேன் என்று எண்ணி, எனக்காகச் சத்தத்தை இன்னும் கூட்டினான். தலைக்கு மேலே ஒருவன் தட்டைக் கழுவச் சொல்லி ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தான். எதிரே முன்பின் தெரியாத பெண்கள் என் அம்மாவுக்கான அழுகையைத் தமிழில் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டும் புரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.